வெள்ளிப் பேனாக் கோடு

கடையில் புது ஷூ ஒன்றைக் கையில் எடுத்தால், மேல்தோலும் சோலும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து லேசாக நெம்பிப் பார்ப்பது என் வழக்கம். கடைக்காரர்கள் முறைப்பார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் நகம் இறங்காது. அந்த விளிம்புக்குக் கீழே, சோலுக்குள் மறைந்தபடி, ஒரு வெள்ளிக் கோட்டின் மிச்சம் இருக்கும். யாரோ ஒருவர் பேனாவைப் பிடித்துச் சுற்றி இழுத்த கோடு. ஷூ பிய்ந்தால் ஒழிய அது யார் கண்ணிலும் படாது. அந்தக் கோட்டைக் கேமராவால் கண்டுபிடிப்பதுதான் ஒன்றரை வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை.

ஊர் ஆம்பூர். பிரியாணியைப் பற்றி இதற்குமேல் ஒரு வார்த்தையும் வராது. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாலாற்றுப் பக்கமாக வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஊர்கள். காலையில் நெடுஞ்சாலையோரம் நின்றால், சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஐரோப்பியக் கடைகளில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் பல ஷூக்களின் தையல் இவர்கள் கையில் முடிந்ததுதான்.

நான் போன கம்பெனியின் பெயர் வேண்டாம். முதலாளியிடம் "மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் சார்" என்று சொல்லியிருந்தேன். பையில் மடிக்கணினி, இரண்டு கேமரா, சதுரங்கக் கட்டம் அச்சடித்த ஒரு தாள். படங்களை அலசும் ஓப்பன்சிவி மென்பொருள் தெரியும், நிரல் எழுதும் பைத்தான் தெரியும். ஷூ எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் தெரியாது.

சுருக்கமாகச் சொல்கிறேன். தோலை வெட்டுவது கிளிக்கிங். வெட்டிய துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது ஸ்கைவிங். அவற்றைத் தைத்துச் சேர்த்தால் அப்பர். அப்பரை லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டைமேல் இழுத்து மாட்டி, அடியில் இன்சோல் என்கிற உள் அட்டையோடு மடித்து ஒட்டுவது லாஸ்டிங். பிறகு சோலை அடியில் வைத்துப் பிடித்து, அதன் விளிம்பு தோலில் எங்கே படுகிறதோ அங்கே வெள்ளிப் பேனாவால் சுற்றிக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே இருக்கும் தோலின் பளபளப்பான மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். சொல்யூஷன் என்கிற ஒட்டுப் பசை பளபளப்பில் ஒட்டாது, உள்ளே இருக்கும் நாரில்தான் பிடிக்கும். தேய்த்த இடத்தில் சொல்யூஷன் தடவி, காயவிட்டு, விளக்குச் சூட்டில் இளக்கி, சோலை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது.

எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கிறது. சொல்யூஷன் ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினால் சோலுக்கு மேல் அழுக்காகத் தெரியும். அந்த ஜோடி ரிஜெக்ட். ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றால் அங்கே வாய் பிளக்கும். என் நகம் தேடுவது அந்த வாயைத்தான்.

சொல்யூஷன் அடிக்க ரோபோ கை ஏற்கனவே வாங்கியிருந்தார்கள். அது ஒரு மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றது. விற்றவர்கள் வந்து கையைப் பிடித்து நடக்கச் சொல்லித்தருவது போல ஒவ்வொரு பாதையாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததுக்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். 39 முதல் 46 வரை எட்டு அளவு, இடது வலது சேர்த்து 16 பாதை. இது ஒரு மாடலுக்கு மட்டும். சரி, பதிவு செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரே அளவு, ஒரே கால், அடுத்தடுத்து வரும் இரண்டு ஷூவை எடுத்துப் பாருங்கள்: ஒன்றில் தோல் கொஞ்சம் கூடுதலாக இழுபட்டிருக்கும், இன்னொன்றில் குதிகால் ஒரு நூல் ஏறியிருக்கும். ரோபோவோ கண்ணை மூடிக்கொண்டு, பதிவான பாதையிலேயே அடித்துக்கொண்டு போகும். முதல் வாரத்திலேயே அதற்கு உறை போட்டுவிட்டார்களாம்.

அதற்குக் கண் வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது. கேமராவின் அகலம் 2448 பிக்சல். அதில் 350 மில்லிமீட்டர் நீளத்தைப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு பிக்சல் கிடைக்கும். வெள்ளிக் கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன். தேய்த்த இடம் மங்கல், தேய்க்காத இடம் பளபளப்பு, இரண்டுக்கும் எல்லையில் வெள்ளி. 1979இல் ஜப்பானைச் சேர்ந்த நோபுயுகி ஒட்சு கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. படத்தில் இருக்கும் வெளிச்சப் புள்ளிகளையும் இருட்டுப் புள்ளிகளையும் எந்த இடத்தில் பிரிக்கலாம் என்று தானாகவே கண்டுபிடிக்கும். கல்லூரியில் முதல் பயிற்சியே அதுதான். சென்னையில் என் அறையில், மேசை விளக்கின் கீழ், ஒரு பழுப்பு ஷூவில் அது அற்புதமாக வேலை செய்தது.

ஆம்பூரில் வந்தது கருப்பு ஷூ. கருப்புத் தோல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஆனால் வளைவுகளில் மட்டும் பளீரென்று ஒரு கோடு மின்னும். அந்த மின்னலும் வெள்ளிப் பேனாவும் படத்தில் ஒரே நிறம். என் நிரல் பாதி ஷூவில் பேனாக் கோட்டையும் மீதி ஷூவில் மின்னலையும் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு தாவு தாவும். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கினால் எல்லாமே கெட்டுவிடும். ஒரு வாரம் நிரலைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் எரிச்சலில் கேமராவைச் சுற்றிக் கருப்புத் துணியைக் கட்டினேன். மறுநாள் அந்தத் துணி தகரப் பெட்டியானது. பெட்டிக்குள் தாழ்வான கோணத்தில் இரண்டு பட்டை விளக்குகள், விளக்குக்கும் கேமராவுக்கும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய போலரைசர், அதாவது மினுமினுப்பை வடிகட்டும் கண்ணாடி. மின்னல் போய்விட்டது, கோடு நின்றது. படத்தைச் சரியாக எடுக்காமல் படத்தைச் சரிசெய்யப் பார்ப்பவன் மடையன் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. அதுவரை நான் அந்த மடையன்.

தட்டையான படம் போதாது. ஷூவின் ஓரம் ஏறி இறங்கும்; ரோபோவின் மூக்கு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு லேசர் கோட்டைப் பாய்ச்சி, அது ஷூமேல் எப்படி வளைகிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்து உயரத்தைக் கணக்கிட்டோம். கேமரா, லேசர், ரோபோ மூன்றும் ஒரே அளவுகோலில் பேச, சதுரங்கக் கட்டத் தாளைப் பல கோணங்களில் காட்டிப் படம் எடுக்க வேண்டும். ஜெங்யூ ஜாங் 2000இல் எழுதிய முறை அது. உலகத்தில் பாதிக் கேமராக்கள் இன்றும் அந்தச் சதுரங்கத்தைப் பார்த்துத்தான் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. ஒரு நாள் காலை எல்லா ஷூவிலும் பாதை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போனது. மதியம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். தாளில் சொல்யூஷன் பட்டுக் கறையாகிறதே என்று யாரோ நல்ல மனதோடு அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். லேமினேஷன் மின்னியது, தாளும் லேசாக வளைந்துவிட்டது. திட்டவும் முடியவில்லை. அடுத்த வாரம் அலுமினியத் தகட்டில் அச்சடித்து வாங்கினேன்.

கோடு போடும் அக்காதான் இந்த வேலையில் என் முதல் ஆசிரியர். நாற்பது வயதிருக்கும். இடது கையில் ஷூவையும் சோலையும் சேர்த்துப் பிடித்து, வலது கையால் ஒரே இழுப்பு. நான் முதலில் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, எறும்பு மையில நடந்த மாதிரி கீது" என்றார். என் நிரல் சில ஷூக்களில் முன்பக்கத்தில் தடுமாறுவதைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, ஷூவைத்தான் பார்த்தார். புதுப் பேனா அங்கே கொஞ்சம் தயங்கி மை விடும், பழைய பேனா விடாது என்றார். அன்றிலிருந்து பேனாவை எப்போது மாற்றினார்கள் என்பதும் என் பதிவேட்டில் ஒரு தனிப் பத்தியாகச் சேர்ந்தது.

ஒரு ஷூவுக்குப் பதினெட்டு நொடிதான் லைனில் கிடைக்கும். முதலில் நாற்பது நொடி எடுத்தது. இழுத்துப் பிடித்துப் பதினெட்டுக்குள் கொண்டுவந்த கதையை விட்டுவிடுகிறேன். அது சி மொழியில் திருப்பி எழுதிய கதை, தூக்கம் வந்துவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்யூஷன் தடவும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் எனக்குத் தலை கனக்கும். அங்கே எட்டு மணி நேரம் பிரஷ் பிடித்து நிற்பார்கள். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் வேலை செய்தவர்களுக்குக் கைகால் மரத்துப்போய் நரம்பு கெட்டது. காரணம் ஒட்டுப் பசையில் இருந்த ஹெக்ஸேன் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இயந்திரம் வந்தால் வேலை போகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இரண்டு பக்கமும் இழுபடுபவன். இந்த ஒரு வேலையில் இழுபடவில்லை. பிரஷ் பிடித்த மூன்று பேரில் இருவரை லாஸ்டிங்குக்கு மாற்றினார்கள். ஒருவர் ரோபோவுக்கு ஷூ எடுத்து வைக்கிறார். சம்பளம் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷூ தொழிலில் இயந்திரம் நுழைந்த கதைகளில் எனக்குப் பிடித்தது யான் எர்ன்ஸ்ட் மாட்ஸெலிகர் கதை. 1852இல் தென் அமெரிக்காவின் சுரிநாமில் பிறந்தவர். அமெரிக்காவின் லின் நகரத்து ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது லாஸ்டிங் மட்டும் கையால்தான். தேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடி முடிப்பார். அந்த விரல்கள் தோலை எப்படி இழுக்கின்றன, எங்கே மடிக்கின்றன என்று வருடக்கணக்கில் பார்த்து, அதையே செய்யும் இடுக்கிகள் கொண்ட இயந்திரத்துக்கு 1883 மார்ச்சில் காப்புரிமை வாங்கினார். அது ஒரு நாளில் 700 ஜோடி வரை போனது. 1889இல், நாற்பது வயது ஆகுமுன்பே இறந்துவிட்டார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன அன்றே அக்காவின் கையைப் பார்த்திருந்தால் மூன்று மாதமாவது மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு கதை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ஸ்பீட்ஃபேக்டரி என்று ரோபோ தொழிற்சாலைகள் கட்டியது. ஷூ தயாரிப்பு ஆசியாவிலிருந்து திரும்பி வருகிறது என்று உலகமே பேசியது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் பின்னல் துணி அப்பர் வைத்த ஓட்ட ஷூக்கள்தான் செய்ய முடிந்தது. பின்னல் துணி நூல் கணக்கில் வரும். எந்த மீட்டரை வெட்டினாலும் ஒன்றுபோலவே இருக்கும். தோல் அப்படி இல்லை. அது எனக்கு அடுத்த சுற்றில்தான் புரிந்தது.

சொல்யூஷன் ரோபோ ஓட ஆரம்பித்ததும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. "கோட்டையே பார்க்குது. தோல்ல இருக்கிற குறையைப் பார்க்காதா?" என்றார். நியாயமான கேள்வி. ஷூவின் பொருட்செலவில் பெரிய பங்கு தோல். வெட்டும் இடத்தில் மிச்சம் பிடித்தால்தான் லாபம். கத்தி தானாக ஓடி வெட்டும் பழைய மேசை ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். தோலைப் படம் எடுக்க வேண்டும், குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவற்றைத் தவிர்த்துத் துண்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். அடுக்குவது கணினிக்காரர்களுக்குத் தெரிந்த கடினமான புதிர்தான். ஒவ்வொரு தோலும் வேறு வடிவம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து போட வேண்டும். ஆனாலும் அதற்கு ஓரளவு நல்ல விடை கொடுக்கும் வழிகள் இருக்கின்றன. எனக்குப் பயம் அதில் இல்லை. குறை கண்டுபிடிப்பதிலும் இல்லை. ஏன் என்றால், மியூனிக்கில் இருக்கும் எம்விடெக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட படத் தொகுப்பில் தோலுக்கென்று தனிப் பிரிவே உண்டு. வெட்டு, குத்து, மடிப்பு, பசைக் கறை, நிறக் கறை. நான் பழக்கிய கணினி மாதிரி அதில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கியது. அந்தத் தோல் பிரிவில் அநேகமாக யாருமே மதிப்பெண் இழப்பதில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கிளிக்கிங்கில் முப்பது வருடம் இருந்த பாயிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதெல்லாம் தோலுக்கு வந்ததில்ல தம்பி, தோலுக்கு இவங்க பண்ணது" என்றார். பிறகு ஒரு பக்கத் தோலை மேசையில் விரித்தார். உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலியில் உரசிய கீறல், அம்மைத் தழும்பு, சூடு போட்ட தடம், கழுத்துச் சுருக்கம், வயிற்றோரம் நரம்பு ஓடிய கிளை. உரிக்கும்போது கத்தி பட்டது பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் தெரியாது, இழுத்தால் அங்கேதான் கிழியும். மாடு வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அங்கே எழுதியிருந்தது.

கிளிக்கிங்கில் மூன்று பேரிடம் ஒரே படங்களைக் கொடுத்து, குறைகளை வட்டமிடச் சொன்னேன். மூவரும் மூன்று விதமாகப் போட்டார்கள். சரி, ஆளுக்கு ஆள் மாறும் என்று, பாயிடம் மட்டும் ஒரு வாரம் கழித்து அதே படங்களைத் திரும்பக் கொடுத்தேன். அவரே வேறு மாதிரி போட்டார். ஏமாற்றத்தோடு கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டார்: "போன வாரம் இன்னா ஆர்டர் ஓடிச்சு?"

போன வாரம் இயற்கைத் தோல் நிறத்தில் ஒரு மாடல், மேலே வெறும் மெழுகு. இந்த வாரம் கருப்பு, மேலே கனமான பூச்சு. அதே உண்ணிப் புள்ளி அதில் குறை, இதில் இல்லை. அது மட்டும் இல்லை. ஷூவின் முன்பக்கத் துண்டான வாம்ப்பில் அந்தப் புள்ளி விழுந்தால் ரிஜெக்ட். நாக்கில் விழுந்தால் லேஸுக்குக் கீழே போய்விடும். துண்டின் கீழ் ஓரத்தில் விழுந்தால் லாஸ்டிங்கில் மடிந்து சோலுக்குள் போய்விடும். தேய்த்து, சொல்யூஷன் தடவி, மூடிவிடப் போகிற இடம், அங்கே தழும்பு இருந்தால் யாருக்கு என்ன? நான் பிக்சலுக்குள் குறையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது எந்த ஷூவில், எந்த மூலையில் போய் உட்காரும் என்று தெரியாமல் குறை என்று சொல்லவே முடியாது.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை உட்கார வைத்தது. படத்தில் துளிக் கறைகூட இல்லாத ஒரு இடத்தை எடுத்து, மேற்பக்கம் உள்ளே போகும்படி இரண்டு விரலுக்கு நடுவில் மடித்தார். மேல்தோல் தொளதொளவென்று பெரிய சுருக்கமாக எழும்பியது. பக்கத்தில் நாலு விரல் தள்ளி மடித்தார். மயிரிழைபோல நுண்ணிய வரிகள் மட்டும். முதல் இடத்தில் மேல்தோலும் அடிநாரும் விட்டுப்போயிருக்கிறது, அதை வாம்ப்பில் வைத்தால் வாடிக்கையாளர் பத்து நாள் நடந்ததும் தோல் பழைய உறை மாதிரி ஆகிவிடும். "இது தெரியுதா உங்க கேமராவுக்கு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தட்டையாக விரித்த தோலில், மேலே தொங்கும் கேமராவில், தெரியாது. இழுப்பும் அப்படித்தான். விரலிலிருந்து குதிகால் போகும் திசையில் தோல் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷூ நீண்டுவிடும். பாய் இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்துத் திசையைச் சொல்லிவிடுவார்.

ஆறு வாரம் நரம்புவலை, அது இது என்று முட்டினேன். கடைசியில் செய்தது வெட்கப்படும் அளவுக்கு எளிமை. பாய் கையில் வெள்ளிப் பேனாவைக் கொடுத்தோம். வட்டம் போட்டால் அதைத் தொடவே கூடாது. நெளிகோடு போட்டால் மறைவான இடத்துக்கு ஆகும். அம்பு இழுப்புத் திசை. ஒவ்வொரு மாடலின் துண்டுகளிலும் எந்தப் பகுதி கண்ணில் படும், எது மறையும் என்று முன்கூட்டியே பிரித்து எழுதினோம். கேமரா தோலைப் படம் எடுக்கும், பாயின் குறிகளைப் படிக்கும், துண்டுகளை அடுக்கும், கத்தி ஓடும். பிறகு விசாரித்தபோது, பெரிய கம்பெனிகளின் வெட்டு மேசைகளிலும் இதே போல ஆள் குறி போட, இயந்திரம் படிக்கும் ஏற்பாடு வெகுகாலமாக இருப்பது தெரிந்தது. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தோலைப் படிக்க வந்தவன், பேனாவைப் படித்துவிட்டுப் போனேன், இரண்டு முறையும்.

பாய் தோலைத் திருப்பி, மடித்து, குறி போட்டு முடிக்கச் சில நிமிடம் ஆகும். முன்பு டை என்கிற வெட்டு அச்சை எங்கே வைப்பது, எப்படித் திருப்பினால் இன்னொரு நாக்கு கிடைக்கும் என்று மண்டையை உடைத்த நேரம் அவருக்கு மிச்சம். பிரஸ்ஸில் கை வைத்து வேலை செய்ய வேண்டியதில்லை என்பதில் அவர் வீட்டில் சந்தோஷம் என்றார்.

போன மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வெட்டிய வாம்ப்களில் தழும்பும் கீறலுமாக வருகிறது, மென்பொருள் கெட்டுவிட்டது என்றார்கள். பதிவான படங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தோலிலும் ஒரு குறியும் இல்லை. பாய் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் நின்ற பையனுக்குத் தோலை மேசையில் விரிக்க மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குறி இல்லாத தோலைப் பார்த்த என் நிரல், ஆகா, பழுதே இல்லாத தோல் என்று சந்தோஷமாக விளிம்பு முதல் விளிம்பு வரை வாம்ப்பாக அடுக்கி வெட்டித் தள்ளியிருக்கிறது. எத்தனை தோல் போனது என்பதை இங்கே எழுதவில்லை.

அன்றிரவே இரண்டு வரி சேர்த்து அனுப்பினேன். ஒரு குறிகூட இல்லாத தோல் வந்தால் இயந்திரம் வெட்டாது, நிற்கும். பாய் திரும்பி வந்ததும் போனில் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு வராததற்கு முதலில் திட்டு. அப்புறம், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தோல் நிஜமாகவே சுத்தமாக வரும், அதுக்கு இன்னா பண்றது தம்பி என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே சொல்லிவிட்டார். அப்படி ஒரு தோல் வந்தால் இப்போது வால் பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறார், சும்மா.